பால் காய்ச்சுவதற்கு முன்

திண்டுக்கல்லில் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு வாடகை வீடு தேடும் படலம் தொடங்கிவிடும். புரட்டாசி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாக யாரும் வீடு மாறுவதில்லை. புரட்டாசியையும் பங்குனியையும் பலர் தள்ளிவைக்கிறார்கள். மிச்சமிருக்கும் மாதங்களில் நல்ல நாள் பார்த்து, அதற்குள் வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கியாக வேண்டும். மண்டபத்துக்குப் பல மாதம் முன்பே சொல்லிவைக்கிற குடும்பங்கள், மணமக்கள் வாழப் போகிற வீட்டைப் பார்க்க ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் ஒதுக்குகின்றன. மொய்ப்பணத்தை நோட்டுப் போட்டு எழுதி வைப்பவர்கள், அதைவிடப் பெரிய தொகையான வீட்டு அட்வான்ஸை ரசீது கூட வாங்காமல் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

தனிக்குடித்தனம் தொடங்கும் இளம் தம்பதிக்குச் சீர் கொடுக்கவும் வாழ்த்துச் சொல்லவும் உறவுகள் திரண்டு வருகின்றன. ஆனால் அவர்களுடைய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நிம்மதியாகக் கழியுமா, நெருக்கடியில் கழியுமா என்பதைக் கட்டிலும் பீரோவும் தீர்மானிப்பதில்லை. எழுத்தில் இருக்கும் ஒப்பந்தம், திரும்பக் கிடைக்கக்கூடிய முன்பணம், குழாயில் வரும் தண்ணீர், இருவர் பெயரும் உள்ள காகிதங்கள் ஆகியவையே தீர்மானிக்கின்றன. கல்யாணத்துக்குக் காட்டும் கவனத்தில் பாதியையாவது இவற்றுக்கும் காட்ட வேண்டும்.

யார் வருகிறார்கள், எங்கே தேடுகிறார்கள்

1866இல் நகராட்சியான திண்டுக்கல், 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்துக்குத் தலைநகரானது, 2014இல் மாநகராட்சியானது. 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தில் 2 லட்சத்து 7 ஆயிரம் பேர். பூட்டுக்கும் தோலுக்கும் பேர்போன இந்த ஊருக்கு இன்று வாடகை வீடு தேடி வருகிறவர்களை வேறு பல வேலைகளும் இழுத்து வருகின்றன. ஆட்சியர் அலுவலகம், கல்லூரிகள், 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம் என்று மாதச் சம்பளக்காரர்கள் ஒரு பக்கம். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைத் தொழிலாளர்கள் இன்னொரு பக்கம். மதுரையில் வேலை, திண்டுக்கல்லில் குடித்தனம் என்று ரயிலிலும் பேருந்திலும் தினமும் போய்வருகிறவர்களும் உண்டு.

நூற்பாலைப் பெண்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை ஆலை விடுதியிலேயே மூன்றாண்டு தங்கவைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' இந்த மாவட்டத்திலும் கொங்குப் பகுதியிலும் பரவலாக இருந்தது; தொழிலாளர் உரிமை அமைப்புகளின் கடுமையான விமர்சனத்துக்கும் ஆளானது. வெளியே போவதற்கும் போனில் பேசுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்த விடுதியிலிருந்து வரும் பெண்ணுக்கு, தன் விருப்பப்படி கதவைத் திறந்து மூடக் கிடைக்கும் முதல் இடம் பல நேரங்களில் கல்யாணத்துக்குப் பின் அமையும் வாடகை வீடுதான்.

நகரத்தை ஒட்டி எழுந்து நிற்கும் சிறுமலையிலிருந்தும் இளைஞர்கள் இறங்கி வருகிறார்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழையும் எலுமிச்சையும் பலாவும் விளைவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சமவெளிக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. தோட்டத்து வீட்டில் வாடகை என்ற பேச்சே இல்லாமல் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தனித்தனிச் செலவாக வந்து நிற்பது புதிய பாடம்.

2011 கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 விழுக்காடு வாடகை வீட்டில் இருந்தன. அவர்களுக்குக் கிடைக்கும் வீடுகள் திண்டுக்கல்லில் ஏறத்தாழ மூன்று விதம். பழைய நகரத்திலும் நாகல் நகர், பேகம்பூர்ப் பக்கமும் இருக்கும் காம்பவுண்டு வீடுகள் முதல் விதம். ஒரே வாசலுக்குள் நான்கைந்து குடித்தனம், பொதுவான துவைகல், பல இடங்களில் பொதுவான கழிப்பறை. வாடகை குறைவு, அந்தரங்கமும் குறைவு. இரண்டாவது, வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மேலே விடும் மாடி போர்ஷன். மூன்றாவது, நகரம் நீண்டுகொண்டே போகும் தாடிக்கொம்பு சாலை, பழனி சாலை, திருச்சி சாலைப் பக்கங்களில் இருக்கும் தனி வீடுகள். வாடகையில் மிச்சம் பிடிக்கலாம் என்று தொலைவில் வீடு எடுப்பவர்கள் இரண்டு வண்டிக்கான பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

'டூ லெட்' பலகை, டீக்கடை, புரோக்கர், கூட வேலை பார்ப்பவரின் சிபாரிசு ஆகியவையே வீடு தேடும் வழிகள். கைபேசியில் படம் பார்த்து வீடு பிடிக்கும் வசதி வந்த பிறகும், கடைசியில் வீட்டுக்காரர் வாசலில் நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். என்ன வேலை, எத்தனை பேர், அடிக்கடி யாராவது வந்து தங்குவார்களா, அசைவம் சமைப்பீர்களா என்று கேள்விகள் வரும். அதன் பிறகு "நீங்க எந்த ஊரு, அங்க எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி வரும். அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இந்த வாசல் அனுபவத்தைத் தமிழ் சினிமாவில் நேராகப் பதிவு செய்த படம் செழியன் இயக்கிய 'டு லெட்'. மென்பொருள் துறை வளர்ந்து வாடகை ஏறிய 2007ஆம் ஆண்டுச் சென்னையில், ஒரு தம்பதி குழந்தையோடு வீடு தேடி அலைவதே கதை. 2017ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

திரையில் கண்டதை ஆய்வும் உறுதிப்படுத்தியிருக்கிறது. பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் அவருடைய சகாக்களும் டெல்லியிலும் அதை ஒட்டிய நகரங்களிலும் ஒரு பரிசோதனை செய்தார்கள். வேலை, வருமானம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்படி வைத்துக்கொண்டு, மேல்சாதி இந்து, தலித், முஸ்லிம் பெயர்களில் வாடகை வீடு கேட்டார்கள். மேல்சாதிப் பெயர்களுக்கு எளிதாகத் திறந்த கதவு, தலித், முஸ்லிம் பெயர்களுக்குப் பல இடங்களில் திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. 2015இல் வெளியான அந்த ஆய்வு வடக்கில் நடந்தது. அது நம் ஊர் நிலவரம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர்கள் இங்கே குறைவு.

தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் "வீட்டை வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்ற ஒரே பதிலில் எல்லாம் மறைந்துவிடுவதால் நிரூபிப்பது கடினம். சாதி மறுத்துத் திருமணம் செய்த தம்பதிக்கு இது இரட்டைச் சுமை. பெற்றோர் கூட வரவில்லையே என்ற ஒரு காரணத்துக்காகவே வீடு மறுக்கப்படுகிறது. திருமணப் பதிவுச் சான்று அவர்களுக்கு அடையாள அட்டை போலவே தேவைப்படுகிறது.

வீட்டுக்காரர் பக்கத்து அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஓய்வு பெற்றவர்களும் கணவனை இழந்த பெண்களும் மாடி வாடகையை நம்பியே மருந்தும் மளிகையும் வாங்கும் வீடுகள் ஏராளம். காலி செய்ய மறுத்த ஒருவர் மீது வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. புதிதாக வருகிறவரை அவர்கள் சந்தேகத்தோடு பார்க்க அதுவும் ஒரு காரணம். அந்தப் பயத்துக்குச் சாதி பார்ப்பது மருந்தல்ல. தெளிவாக எழுதிய ஒப்பந்தமே மருந்து.

அட்வான்ஸா, ஒத்தியா

வீடு அமைந்ததும் அடுத்த பேச்சு பணம். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, அட்வான்ஸ் கொடுத்து மாத வாடகைக்குப் போவது. மற்றொன்று ஒத்தி. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் குறிப்பிட்ட ஆண்டுகள் வாடகையில்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரும்.

மாத வாடகை 6,000 ரூபாய் போகக்கூடிய ஒரு வீட்டை 4 லட்சத்துக்கு ஒத்திக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்குப் போனால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் செலவு. கையில் சொந்தமாக 4 லட்சம் இருந்து, அதை 7 விழுக்காடு வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 28,000. அந்த வட்டியை இழந்து ஒத்திக்குப் போனாலும் ஆண்டுக்கு 44,000 ரூபாய் மிச்சம். ஆனால் அதே 4 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். வாடகைக்குப் போயிருந்தால் 24,000 மிச்சமாகியிருக்கும். மணமகளின் நகையை அடகு வைத்து ஒத்திக்குப் போவதாக இருந்தாலும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். 'வாடகை இல்லாத வீடு' என்ற சொல்லில் மயங்கி, கணக்குப் பார்க்காமல் கடனில் இறங்கும் புதுத் தம்பதிகள் உண்டு.

ஒத்தியின் பெரிய ஆபத்து வட்டி அல்ல, அசல். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைச் சுவாதீன அடமானமாகப் பார்க்கிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும். வழக்கத்திலோ முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். வீடு முன்பே வங்கியில் அடமானத்தில் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டத் தவறி ஏலம் வரை போனால், ஒத்திக்காரரின் லட்சங்கள் அந்தரத்தில் தொங்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பதிவான அடமானங்கள் தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். கால் மணி நேர வேலைதான். அதைச் செய்யாமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

ஒத்தி நமக்கு மட்டுமே உரிய ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவில் 'ஜான்ஸே' என்ற பெயரில் இதே முறை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேலான தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டாண்டு வாடகையின்றி இருப்பார்கள்; புதுமணத் தம்பதிகள் சொந்த வீட்டுக்குப் போகும் படிக்கட்டாகவே அது கருதப்பட்டது. 2022 வாக்கில் அங்கே வீட்டு விலை சரிந்தபோது, பலரிடம் வாங்கிய தொகையைச் சுழற்றி வீடு மேல் வீடாக வாங்கிக் குவித்திருந்த உரிமையாளர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. இஞ்சியான் நகரில் ஏமாந்த இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே அந்நாடு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. நவீனப் பதிவு வசதிகள் அனைத்தும் உள்ள நாட்டிலேயே இது நடந்தது என்றால், வெறும் முத்திரைத்தாளை நம்பும் நாம் இன்னும் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை

தமிழகத்தில் வாடகைச் சட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வீட்டுப் பஞ்சத்தில் தொடங்கிய கட்டுப்பாடுகள், 1946ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றன. அந்தச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. சென்னையிலோ பத்து மாத அட்வான்ஸ் வாங்குவதே ஊரறிந்த வழக்கமாகிவிட்டது.

'டு லெட்' திரைக்கு வந்த அதே 2019 பிப்ரவரியில்தான் புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 2017இல் இயற்றப்பட்ட, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, அதற்கென ஒரு பதிவு எண் பெற வேண்டும். இணையவழியிலும் பதியலாம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது.

பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் சட்டம் பட்டியல் போட்டுச் சொல்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு சன்னலுக்கு வர்ணம், குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இழுப்பது எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, கைப்பிடி போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருக்கு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கும் பழக்கத்தை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் முரண்பாடு புரியும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கப் பிறந்ததுதான் 11 மாதக் கணக்கு. புதிய சட்டமோ கால அளவு எதுவானாலும் வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. இது பல வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது, தம்பதிகளுக்கும் தெரியாது. தெரிந்த சிலரும் வருமான வரி வந்துவிடுமோ என்று தயங்குகிறார்கள். புதுத் தம்பதி இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அட்வான்ஸுக்கு ரசீது அல்லது வங்கி வழிப் பணப்பரிமாற்றம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், குடிவந்த அன்று மின் மீட்டரில் இருந்த எண் ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தாலே பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பகுதி முளைக்காது.

தண்ணீரும் கரண்டும்

திண்டுக்கல்லில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. பெண் கொடுக்கும் முன் அந்த ஊரில் தண்ணீர் உண்டா என்று விசாரித்த காலமும் இந்த வறண்ட சமவெளிக்கு உண்டு. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகைக் கரையில் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பல இடங்களிலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்படுகிறது. அப்படியும் மழை பொய்த்த ஆண்டுகளில் குழாயில் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி நீண்டுவிடும். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும், மோட்டார் போடும் உரிமை யாருக்கு என்று கேட்க வேண்டும். இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் என்றால், பகலில் வரும் தண்ணீரை யார் பிடித்து வைப்பார்கள் என்பது சிறிய கேள்வி அல்ல.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேறு விவகாரம். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள் பல பத்தாண்டுகளாக இயங்கி வந்த இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்துவிட்டதை, ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் மேல் குடகனாற்று வடிநிலத்தில் செய்த ஆய்வுகள் காட்டின. வீட்டிலேயே இதற்கு அடையாளம் உண்டு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்த காறை, குளியலறைத் தரையில் தேய்த்தாலும் போகாத திட்டு, நுரைக்க மறுக்கும் சோப்பு. இவற்றைப் பார்த்தால் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்ச் செலவு மாதாமாதம் உண்டு என்று அர்த்தம். அதையும் வாடகையோடு சேர்த்துத்தான் வீட்டின் விலையை எடை போட வேண்டும்.

மாடி போர்ஷனில் வெயிலும் ஒரு செலவு. சித்திரை, வைகாசியில் காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும். பார்க்கப் போகிறவர்கள் காலை இளவெயிலில் போகாமல் மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

மின்கட்டணத்தில் இன்னொரு சிக்கல். 2016 மே மாதத்திலிருந்து தமிழகத்தில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் உள்ள வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தப் பலன் நேரே கிடைக்கும். துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வீட்டுக்காரர் வசூலிக்கும் வீடுகளில் அந்த நூறு யூனிட்டும் குறைந்த படிநிலைக் கட்டணமும் அவர் பக்கமே தங்கிவிடும். மின்விசிறி, மிக்சி, துணி துவைக்கும் எந்திரம் மட்டும் உள்ள சிறு குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரங்களில் அதுவே லாபம்.

உள்ளே வரும் பொருள்கள்

கட்டில், மெத்தை, பீரோ, பித்தளைக் குடம், எவர்சில்வர் அண்டா, குத்துவிளக்கு, கிரைண்டர் என்று சீர் இறங்கும்போது பத்துக்குப் பத்து அறை திணறிவிடுகிறது. சீர் பெண் வீட்டாரைக் கடனாளியாக்கும் கதை ஒருபுறம். அது தம்பதியின் தேவையைக் கேட்டுக் கொடுக்கப்படுவதில்லை என்பது இன்னொருபுறம். இரண்டு ஆண்டில் வீடு மாறப் போகிறவர்களுக்கு மூன்று கதவு பீரோ ஒவ்வொரு முறையும் வண்டிக் கூலி. 2011இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கிய பின் பல வீடுகளில் அவை இரண்டாகிவிட்டன. பரணில் ஒன்று சும்மா கிடக்கிறது. முதல் மாதத்துக்கு உண்மையில் வேண்டியவை பாய் அல்லது படுக்கை, அடுப்பு, நான்கைந்து பாத்திரம், இரண்டு வாளி, குடிதண்ணீருக்கு மூடிபோட்ட பாத்திரம், ஒரு மின்விசிறி. மீதியைத் தவணையில் ஒரே நாளில் வாங்கிக் குவிப்பதைவிட, குடியிருந்து பார்த்துத் தேவை தெரிந்தபின் வாங்குவது நல்லது. பெற்றவர்கள் கொடுக்க நினைப்பதைப் பணமாகத் தம்பதியின் பொதுக் கணக்கில் போட்டால், அட்வான்ஸுக்கும் அவசரத்துக்கும் உதவும்.

சமையல் எரிவாயு இணைப்பு புதிதாக எடுக்க, 2022 ஜூன் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு வைப்புத்தொகை 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. முகவரிச் சான்று கைக்கு வரும்வரை 5 கிலோ சிறு சிலிண்டரை அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கலாம்.

இந்த ஊரில் குடியேறும் தம்பதி வாங்க வேண்டிய ஒரு பொருள் இந்த ஊரிலேயே செய்யப்படுகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு. மாங்காய் வடிவப் பூட்டைத் திறந்து காட்டச் சொன்னால், உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவைதான் லீவர்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் தாழ் நகரும். ஒரு பல் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டு அசையாது. ஆறு லீவர், எட்டு லீவர் என்று கூடக்கூடப் பூட்டின் பலமும் விலையும் ஏறும். கொல்லர் கையால் அரத்தில் ராவிச் செய்வதால் ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேர்வது அபூர்வம். அலிகாரிலிருந்து வரும் எந்திரப் பூட்டுகளின் விலையோடு போட்டி போட முடியாமல் இந்தத் தொழில் சுருங்கிவருகிறது. முன்பு குடியிருந்தவர்களிடமும் புரோக்கரிடமும் எத்தனை மாற்றுச் சாவிகள் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாத வாடகை வீட்டில், சொந்தமாக ஒரு பூட்டு மாட்டிக்கொள்வது பாதுகாப்புக்கும் நல்லது, பட்டறைக்காரருக்கும் நல்லது.

இருவர் பெயரும்

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கணவன் பெயர் மட்டுமே இருக்கிறது. வாடகையில் பாதியை மனைவி கொடுத்தாலும் அப்படித்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வாடகை வீடாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் அவள் பெயர் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. அந்த நிலை வரை போகாமலே, வேலை விஷயமாகக் கணவன் வெளியூரில் இருக்கும்போது வீட்டுக்காரரோடு பேசவும், முகவரிச் சான்று வாங்கவும், அட்வான்ஸைத் திரும்பப் பெறவும் அவள் பெயர் தேவைப்படும். இருவரும் கையெழுத்திடுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

குடும்ப அட்டையும் அப்படியே. இரு வீட்டாரின் அட்டைகளிலிருந்தும் பெயரை நீக்கி, தனிச் சமையல் என்று காட்டிப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமல்ல, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை உள்படப் பல திட்டங்களுக்கு அடிப்படை அந்த அட்டைதான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்கள் குழந்தை பிறந்தபின் அலைகிறார்கள்.

காகிதத்தில் வராத பங்கீடு ஒன்றும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. மாமியார் வீட்டின் பழைய ஒழுங்கு இல்லாத முதல் வாடகை வீட்டில் இந்தக் கணக்கை மாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. தண்ணீர் பிடிப்பது யார், பாத்திரம் யார், வாடகை யார் கணக்கிலிருந்து என்று முதல் மாதத்திலேயே பேசிக்கொண்டால், அது பின்னர் மனக்கசப்பாக வளராது.

அரசு செய்யக்கூடியது

குடியிருப்பு என்றால் அரசின் கவனம் இரண்டு முனைகளில் இருக்கிறது. சொந்த வீடு கட்டுபவருக்கு மானியம். தனியாக வந்து வேலை பார்ப்பவருக்கு விடுதி. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் பெரும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே தங்கியிருக்கும் பெண்ணுக்குக் கல்யாணமானால், அவளும் கணவனும் வாடகை வீடு தேடித் தெருவுக்குத்தான் வர வேண்டும். வேடசந்தூர் ஆலை விடுதிகளிலிருந்து வருபவர்களுக்கும் இதே நிலைதான். வளரும் நகரங்களில் மாநகராட்சியும் வீட்டுவசதி வாரியமும் சிறு குடும்பங்களுக்கான வாடகை வீடுகளைக் கட்டி நியாயமான வாடகைக்கு விடுவது பற்றி யோசிக்க வேண்டிய காலம் இது.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்காகத் தம்பதி இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எப்படியும் போகிறார்கள். பலர் வீடு தேடிக்கொண்டிருக்கும் அதே வாரங்கள் அவை. சான்றிதழ் கொடுக்கும் மேசையிலேயே மாதிரி வாடகை ஒப்பந்தத்தையும், வாடகை அதிகாரியிடம் பதியும் முறையைச் சொல்லும் ஒரு பக்கத் துண்டறிக்கையையும், குடும்ப அட்டைக்கான விவரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். வில்லங்கச் சான்று தருவதும் அதே துறைதான். ஒத்திக்குப் போகிறவர்களுக்கு அதைப் பார்க்கும் வழியையும் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தின் சார்பதிவாளர் அலுவலகங்கள் வரும் தை முகூர்த்தங்களிலேயே இதைத் தொடங்கினால், புதிய சட்டம் அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் கைக்குப் போய்ச் சேரும்.